போகப் போகப் படிந்துவிடும்

என் கடைக்கும் மாஸ்டர் கடைக்கும் நடுவில் இருப்பதைச் சுவர் என்று சொன்னால் சுவருக்கு அவமானம். வெறும் பலகை. அதுவும் யாரோ பழைய பெட்டியை உடைத்து அடித்த பலகை. இந்தப் பக்கம் நான் கண்ணாடி வெட்டுகிறேன், படங்களுக்குச் சட்டம் போடுகிறேன். அந்தப் பக்கம் மாஸ்டரும் அவர் மனைவியும் துணி தைக்கிறார்கள். நான் கண்ணாடியைக் கீறினால் அவர்களுக்குப் பல் கூசும். அவர்கள் மெஷினை மிதித்தால் எனக்குக் கண்ணைச் சுற்றிக்கொண்டு தூக்கம் வரும். பலகையில் இடுப்பு உயரத்தில் ஒரு சதுர ஓட்டை உண்டு. அதன் வழியாக இங்கிருந்து சுத்தியல் போகும், அங்கிருந்து கத்தரிக்கோல் வரும். மத்தியானமானால் வேகவைத்த உருளைக்கிழங்கும் மிளகு தூவிய முட்டையும் ஒரு தட்டில் வரும். தட்டை நான் கழுவிக் கொடுத்தால் அந்த அம்மாவுக்குக் கோபம் வரும். "நீங்க கழுவுற லட்சணம் எனக்குத் தெரியும், அப்படியே குடுங்க" என்பாள்.

அவளைத் தெருவில் எல்லாரும் காஜாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டையில் பொத்தான் நுழையும் துளையைச் சுற்றி நூல் கட்டுகிறோமே, அதுதான் காஜா. அதற்கு மெஷின் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் அவள் கையால் எடுத்தால்தான் ஆயிற்று என்று அடம்பிடிக்கிறவர்கள் உண்டு. பெண்களுக்கு அளவு எடுப்பதும் அவள்தான். அவள் டேப்பைச் சுற்றி எண்ணைச் சொல்ல, மாஸ்டர் எழுதிக்கொள்வார். அளவு எடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுக்காத மனிதப்பிறவி கிடையாது. அங்கேதான் காஜாக்கா குரல் உயரும்.

"மூச்சைப் பிடிக்காதீங்கம்மா, விடுங்க. உங்க வயிறு, நீங்கதான் போட்டுக்கப் போறீங்க. எங்கிட்ட எதுக்குப் பொய் சொல்றீங்க?"

மாஸ்டருக்கும் ஒரு பேச்சு உண்டு. தைத்து வாங்கிப்போன துணியை யாராவது திருப்பிக் கொண்டுவந்து, அக்குளில் பிடிக்கிறது, இடுப்பில் இறுக்குகிறது என்றால், "போகப் போகப் படிஞ்சிடும்" என்பார். பாதி நேரம் படிந்தும்விடும். மீதி நேரம் ஆட்கள் அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள். மனிதர் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் அதைச் சொல்லும்போது தலையைத் தூக்க மாட்டார். கால் பாட்டுக்கு மெஷினை மிதித்தபடி இருக்கும்.

மழைக்காலத்துக்குச் சற்று முன்னால் ஒருநாள், நூல்கண்டு வாங்க பஸ்ஸில் போய்வந்த காஜாக்கா, வந்ததும் வராததுமாக ஓட்டையில் முகத்தை நீட்டினாள்.

"கண்ணாடிக்காரரே, இன்னைக்கு எனக்கு பஸ்ல ராஜ மரியாதை. ஒரு சின்னப் பொண்ணு எழுந்து இடம் குடுத்தா."

"வயசானவங்கன்னு நினைச்சிருப்பா."

"அப்படி நினைச்சிருந்தாக்கூடப் பரவாயில்ல. 'உக்காருங்கக்கா, இந்த நேரத்துல நிக்கக்கூடாது'ன்னா. இந்த நேரத்துலயாம்! எனக்குப் பேரப்பிள்ளை எடுக்கிற வயசு!"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்றது? உக்காந்துட்டேன். இறங்குறப்ப பாத்து இறங்குங்கன்னு கையைப் பிடிச்சு வேற விட்டா. நானும் இடுப்புல கையை வச்சுக்கிட்டு மெதுவா இறங்கினேன், போங்க."

நான் சிரித்தேன். மாஸ்டர் மெஷினை மிதித்தபடியே சிரித்தார். அந்த வாரம் கடைக்கு வந்த அத்தனை பேருக்கும் இந்தக் கதைதான். ஒவ்வொரு தடவையும் இடுப்பில் கைவைத்து இறங்கிக் காட்டுவாள். பிறகு ஒருநாள் சொல்வதை நிறுத்திவிட்டாள். மாஸ்டர் கடையில், துணி மாற்றும் திரைக்கு வெளியே, நான் பொருத்திக் கொடுத்த ஆளுயரக் கண்ணாடி ஒன்று நிற்கிறது. கடையில் ஆளில்லாத நேரத்தில் அதன்முன் பக்கவாட்டில் நின்று, வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு அவள் பார்ப்பதை ஓட்டை வழியாக ஓரிரு முறை பார்த்தேன். மூச்சு தீர்ந்ததும் வயிறு பழைய இடத்துக்கு வந்துவிடும். எனக்கு அவளைக் கேலி செய்யத் தோன்றவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் கிளினிக் பெண் வெள்ளைத் துணியோடு வந்து சேர்ந்தாள். கடைத்தெருவில் செருப்புக்கடைக்கு மேல்மாடியில் அழகு கிளினிக் ஒன்று திறந்திருந்தார்கள். அங்கே வேலைபார்க்கிறவர்களுக்கு வெள்ளைக் கோட்டு மாஸ்டர்தான் தைத்துக் கொடுப்பது. புதுக் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தவளிடம் காஜாக்கா குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்டாள். அவள் தாழ்த்தாமல் பதில் சொன்னாள்.

"இதையெல்லாம் ஆபரேஷன்னே சொல்லக்கூடாதுக்கா. சின்னதா துளை போட்டு, குழாய் விட்டு கொழுப்பை உறிஞ்சி எடுத்துடுவாங்க. காலையில வந்தீங்கன்னா சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம். பல்லு பிடுங்குற மாதிரிதான்."

அன்று மாலை வீட்டில் ரகளை. கடைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறைதான் அவர்கள் வீடு. ஆகவே ரகளை என் வீட்டிலும்தான். அவர்கள் மகள் மழலைப் பள்ளி டீச்சர். சின்னப் பிள்ளைகளிடம் கேட்கிற மாதிரியே அம்மாவிடமும் நிதானமாகக் கேட்டாள்.

"மயக்கம் குடுக்க அங்க தனியா டாக்டர் இருக்காங்களாம்மா?"

"எதுக்குத் தனியா? அந்தப் பொண்ணே ஊசி போட்டுடுமாம்."

"எந்தப் பொண்ணு? போன வருஷம் கீழ செருப்புக்கடையில எனக்குச் செருப்பு எடுத்துக் காட்டுச்சே, அந்தப் பொண்ணா?"

"அப்புறம் படிச்சிருக்கும்."

"ஒரு வருஷத்துலயா?"

"கோட்டு போட்டிருக்குல்ல?"

"அம்மா! அந்தக் கோட்டைத் தைச்சதே அப்பாதானே!"

"சும்மா சொல்லக்கூடாது, தோள்பட்டை கச்சிதமா உக்காந்திருக்கு" என்றார் மாஸ்டர்.

நான் இந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொண்டேன். துணி தைக்கிறவர்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். காக்கி தைத்துக் கொடுத்தால் அவன் காவலாளி, வெள்ளை தைத்துக் கொடுத்தால் அவள் நர்சு. அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே பழகிய கண்கள், உள்ளே இருப்பது யார் என்று பார்க்காது. அதிலும் தங்கள் கையால் தைத்த கோட்டு என்றால் சொந்தக்காரப் பெண்ணைப் போல ஒரு பாசம் வேறு.

"அங்க ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா யாரு பாப்பாங்க? படுக்கை இருக்கா, ஆக்சிஜன் இருக்கா?" என்று டீச்சர் விடாமல் கேட்டாள்.

"நல்ல காரியத்துக்குப் போறப்ப அபசகுனமாப் பேசாதே."

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "உன் வயித்தைப் பத்தி நான் என்னைக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா?"

"சொன்னதில்ல. பாத்தாத்தானே சொல்வீங்க."

அதற்குப் பிறகு டீச்சர் பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது. காஜாக்கா போவதென்று முடிவாகிவிட்டது எனக்குப் புரிந்தது. கட்டிக் காத்த சொந்தக் காசு, சொந்த உடம்பு. குறுக்கே நிற்க நான் யார்?

கிளினிக்குக்குப் போன அன்று காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. மாஸ்டர் பகல் முழுக்கச் செருப்புக்கடைப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாராம். சாயங்காலம் இருவரும் வாடகை வண்டியில் வந்து இறங்கினார்கள். காஜாக்காவின் கண் பாதிதான் திறந்திருந்தது. என்னைப் பார்த்து, "தட்டை வச்சிருக்கீங்களா?" என்று சம்பந்தமில்லாமல் கேட்டாள். அவளை உள்ளே படுக்கவைத்துவிட்டு மாஸ்டர் ஓட்டைக்கு வந்தார்.

"மூடற நேரமாச்சுன்னு அவசரப்பட்டாங்கய்யா. கண்ணே இன்னும் தெளியல. எழுப்பி உக்கார வச்சு, செருப்பை மாட்டி விட்டுட்டாங்க."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"அவரு அப்பவே கிளம்பிட்டாரு. வேற எங்கயோ ஆபரேஷனாம். இந்தப் பொண்ணுதான் மாத்திரை குடுத்து, பெல்ட்டைக் கழட்டவே கூடாது, இறுக்கமா இருந்தாத்தான் வடிவம் பிடிக்கும்னு சொல்லி அனுப்புச்சு."

பெல்ட் என்று அவர் சொன்னது, மார்புக்குக் கீழே தொடங்கி தொடை வரைக்கும் வரும் எலாஸ்டிக் உடுப்பு. பக்கவாட்டில் கொக்கி வரிசை. மறுநாள் காலை அதை வைத்து ஒரு பஞ்சாயத்து. கிளினிக்கில் பெரிய அளவுதான் கையிருப்பில் இருந்ததாம். இடுப்பில் துணி மடிந்து நிற்கிறது. உட்கார்ந்தால் கொக்கி கழன்றுகொள்கிறது. மாஸ்டருக்குத் தொழில் ரோஷம் வந்துவிட்டது.

"எவன் வெட்டினான் இதை? இடுப்புக்கும் தொடைக்கும் சம்பந்தமே இல்ல. இதைப் போட்டா எங்க வடிவம் பிடிக்கும்?"

"நீங்களே பிடிச்சுக் குடுங்களேன்."

"கழட்டக்கூடாதே."

"உடம்புல வச்சே தைங்க."

கல்யாணப் பெண்களுக்குக் கடைசி நேரத்தில் அப்படித் தைப்பதுண்டு. உடுப்பை மாட்டிவிட்டு, ஆளை அசையாமல் நிற்கச் சொல்லி, கையூசியால் இழுத்துப் பிடித்துத் தைப்பது. அதில் மாஸ்டர் மன்னன். கொக்கி வரிசையை உள்ளே மடித்து, மெழுகு தேய்த்த நூலை இரட்டையாகக் கோத்து, கீழிருந்து மேலே தைத்துக்கொண்டு வந்தார். நான் என் வேலையைப் பார்த்தேன். காதை என்ன செய்வது?

"ஊசியைக் குத்திடாதீங்க."

"இத்தனை வருஷத்துல யாரையாவது குத்தியிருக்கேனா?"

"என்னைக் குத்தியிருக்கீங்க. கல்யாணமான புதுசுல."

"அது நீ சிரிச்சதால. இப்பவும் சிரிக்காத."

"இன்னும் கொஞ்சம் பிடிங்க."

"மூச்சு விட முடியுதா?"

"முடியுது, முடியுது. பிடிங்க."

எத்தனையோ பேரை மூச்சை விடச் சொன்னவள், அன்று தன் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். மாஸ்டர் தையலைப் பார்த்தாரே தவிர அவளைப் பார்க்கவில்லை.

பள்ளி திறக்கும் பருவம் அது. சீருடைச் சட்டைகள் கடையில் மலையாகக் குவிந்து கிடந்தன. மழையில் துணியெல்லாம் நமுத்து, இஸ்திரிப் பெட்டியை வைத்தால் ஆவி பறந்தது. காஜாக்கா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டபடி பொழுது முழுக்கக் காஜா எடுத்தாள். எழுந்தால் வயிறு சுண்டி வலிக்கிறதென்று எழுவதேயில்லை. கொஞ்சம் நடம்மா என்று டீச்சர் சொன்னால், "கிளினிக்ல ஒண்ணும் அப்படிச் சொல்லலயே" என்று வாயை அடைத்துவிடுவாள். மத்தியானத் தட்டு வரவில்லை. நான் ரொட்டி வாங்கித் தின்றேன். தின்னும்போதெல்லாம் மிளகுக்கு ஏங்கினேன் என்பதை மறைக்கப்போவதில்லை.

சில நாளில் அவளுக்கு இடது கால் வீங்கியது. அந்த ஒரு கால் மட்டும். உட்கார்ந்தே இருந்தால் வீங்கத்தான் செய்யும் என்று அவளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அதற்கு மறுநாள் காலையில் மழை சற்று ஓய்ந்திருந்தது. நான் ஒரு பெரிய கண்ணாடியை யார் வீட்டுக்கோ கொண்டுபோய் மாட்ட வேண்டியிருந்தது. அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் மெஷின் நின்றது.

"என்ன, ஒரு மாதிரி இருக்க?" இது மாஸ்டர்.

"ஒண்ணுமில்லங்க. பெல்ட்டுதான். மூச்சு முட்டுது."

"ரொம்பப் பிடிச்சுட்டேனோ?"

"போகப் போகப் படிஞ்சிடும்" என்றாள். அவர் மாதிரியே சொல்லிக்காட்டிச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் இருமலானது. இருமல் நின்றும் மூச்சு வாங்குவது நிற்கவில்லை.

மாஸ்டர் கிளினிக்குக்குப் போன் போட்டார். ரொம்ப நேரம் அடித்த பிறகுதான் கிளினிக் பெண் எடுத்தாள். பெல்ட் இறுக்குகிறது என்றார் மாஸ்டர். அவர் காதில் வைத்துப் பேசினாலும் ஊருக்கே கேட்கிற போன் அது.

"சார், அதெல்லாம் இருக்கத்தான் செய்யும். போகப் போகச் சரியாயிடும்."

"மூச்சு வாங்குதும்மா. ஒரு காலு வேற வீங்கியிருக்கு."

"எல்லாருக்கும் அப்படித்தான் சார். ரெண்டு நாள்ல சரியாயிடும்."

"டாக்டரைக் கேட்டுச் சொல்றியா?"

"டாக்டர் வர்ற வாரம்தான் வருவாரு. போகப் போகச் சரியாயிடும் சார்."

"நீ இப்ப என்னம்மா பண்ணிக்கிட்டிருக்க?"

"ஒருத்தங்களுக்கு முகத்துல கிரீம் போட்டுக்கிட்டிருக்கேன் சார். வேலை பாத்துக்கிட்டேதான் பேசறேன், சொல்லுங்க."

மாஸ்டர் போனை வைத்துவிட்டு ஓட்டைக்கு வந்தார்.

"கண்ணாடி, வண்டியை எடு."

"என்னாச்சு மாஸ்டர்?"

"அந்தப் பொண்ணு நம்ம மாதிரி பேசுறாய்யா."

"எந்த மாதிரி?"

"தலையைத் தூக்காம."

என் லோடு வண்டியில் காலையிலேயே ஏற்றி வைத்த சட்டங்கள் கிடந்தன. இறக்க நேரமில்லை. காஜாக்காவை முன்னால் என் பக்கத்தில் உட்கார வைத்தோம். மாஸ்டர் பின்னால் சட்டங்களுக்கு நடுவே ஏறிக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலை முழுக்கத் தண்ணீர். வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் பின்னால் கண்ணாடிகள் கிணுகிணுத்தன. அவள் எதையோ குடிக்கிற மாதிரி வாயைத் திறந்து திறந்து காற்றை இழுத்தாள். அந்த நிலையிலும் என்னைப் பார்த்து, "மெதுவாப் போங்க, கண்ணாடி உடைஞ்சிடும்" என்றாள்.

"உடைஞ்சாத் தொலையட்டும்" என்று நான் கத்தினேன். அவளிடம் நான் கத்தியது அன்று ஒருநாள்தான்.

மாஸ்டர் பின் சன்னல் வழியாகத் தலையை நுழைத்து, கையை நீட்டி அவள் தோளைப் பிடித்திருந்தார். "உதடு நீலமாகுதுய்யா, உதடு நீலமாகுது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு நிமிஷம்கூட அவள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலிலேயே தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். மழைக்கால ரப்பர் செருப்போடு ஓடிவந்த ஒரு டாக்டரம்மா, முகத்தில் ஆக்சிஜனை வைத்துவிட்டு, துணியை விலக்கியதும் திகைத்துப் போனார்.

"என்ன இது? எங்க கொக்கி? எப்படிக் கழட்டறது?"

"தைச்சிருக்கு" என்றார் மாஸ்டர்.

"உடம்புலயா?"

நர்சு ஒரு கத்தரிக்கோலைக் கொண்டுவந்து நுழைக்கப் பார்த்தாள். எலாஸ்டிக்கும் தோலும் ஒட்டிக் கிடந்தன, நுனி நுழையவில்லை. மாஸ்டர் சட்டைப்பையில் கைவிட்டு, எப்போதும் அங்கே கிடக்கும் நூல் வெட்டும் குட்டிக் கத்தரியை எடுத்தார்.

"நான் தைச்சதும்மா. நானே பிரிக்கிறேன்."

டாக்டரம்மா அவர் முகத்தைப் பார்த்தார். ஒரு கணம்தான். நகர்ந்து இடம் விட்டார்.

நல்ல தையல் என்பது கடைக்காரனுக்குப் பெருமை. தன் தையல் பிரிந்ததாக யாரும் வந்ததில்லை என்று மாஸ்டர் வாய் ஓயாமல் சொல்வார். அந்தத் தையல் இப்போது அவருக்கே வழிவிட மறுத்தது. மெழுகு பூசிய இரட்டை நூல். ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டு போனார். கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கவும் கை ஓயவில்லை. கடைசித் தையல் அறுந்ததும் பெல்ட் இரண்டு பக்கமும் விரிந்து விழுந்தது. உள்ளே தோலில் அவர் தையல் வரிசை அப்படியே சிவப்பாகப் பதிந்திருந்தது. அவளை உருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

வெளியே மரப்பெஞ்சில் உட்கார்ந்தோம். டீச்சர் பள்ளியிலிருந்து நனைந்தபடி ஓடிவந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொன்னேனே என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. நல்ல பெண். நான் காப்பியும் ரொட்டியும் வாங்கிவந்தேன். காப்பி ஆறிப்போயிற்று. மாஸ்டர் மடியில் அந்தப் பெல்ட்டை வைத்துக்கொண்டு தடவிக்கொண்டே இருந்தார்.

"அவ பஸ் கதையைச் சொன்னப்ப நானும் சிரிச்சேன்யா" என்றார்.

"நான்கூடத்தான் சிரிச்சேன்."

"நீ அடுத்த கடைக்காரன். நான் மெஷினை நிறுத்தாமயே சிரிச்சேன்."

ஆறிப்போன காப்பியை நான் அவர் பக்கம் நகர்த்தினேன்.

டாக்டரம்மா வெளியே வந்தபோது மூன்று பேரும் எழுந்து நின்றோம்.

"கால்ல ரத்தம் உறைஞ்சிருக்கு. அதுல ஒரு துண்டு கிளம்பி நுரையீரலுக்குப் போற ரத்தக் குழாயை அடைச்சிருக்கு. அதனாலதான் மூச்சு முட்டினது. மருந்து போயிட்டிருக்கு. இன்னும் கொஞ்சம் தாமதமா வந்திருந்தா நான் உங்ககிட்ட வேற பேச்சு பேசிக்கிட்டிருப்பேன். இன்னும் ஆபத்து தாண்டல. ஆனா நம்பிக்கை இருக்கு."

"என் தையலாலயாம்மா?" என்றார் மாஸ்டர்.

டாக்டரம்மா பெஞ்சில் அவரை உட்காரச் சொல்லித் தானும் உட்கார்ந்தார்.

"அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்யா. இல்லன்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா ஆபரேஷன் பண்ணினவங்க மறுநாளே வரச்சொல்லிப் பாத்திருந்தா, அங்கேயே பிரிச்சு விட்டிருப்பாங்க. உக்காந்தே இருக்காதீங்க, நடங்கன்னு சொல்லியிருப்பாங்க. ஒரு கால் மட்டும் வீங்கினா, மூச்சு வாங்கினா, ஓடிவாங்கன்னு சொல்லித்தான் வீட்டுக்கே அனுப்பணும். யாராவது சொன்னாங்களா?"

"போகப் போகச் சரியாயிடும்னு சொன்னாங்க."

"மயக்க ஊசி யாரு போட்டது?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு போட்டிருக்கிறது நான் தைச்ச கோட்டும்மா" என்றார். டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. டீச்சர்தான் எடுத்துச் சொன்னாள்.

காஜாக்கா பிழைத்தாள். மழை விட்டு வெயில் காய்ந்த ஒரு காலையில், கையில் மாத்திரைப் பையோடு, மெதுவாக நடந்தே தெருவுக்குள் வந்தாள். வண்டியில் வரமாட்டேன், டாக்டரம்மா நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று தெருமுனையிலேயே இறங்கிக்கொண்டாளாம். கடை கடையாக நின்று விசாரிப்புகளுக்குப் பதில் சொன்னாள். வயிறு என்னவாயிற்று என்று கேட்க எல்லாருக்கும் நாக்கு துறுதுறுத்தது, கேட்கத் தைரியம் வரவில்லை. அவளே சொல்லிவிட்டாள்.

"ஒரு பக்கம் குழி, ஒரு பக்கம் மேடு. ஈரத்துணிக்கு இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு. இதுக்குப் பழைய வயிறே தேவலாம், பஸ்ல உக்கார எடமாவது கிடைச்சுது."

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா மேலே எழுதிப் போட்டதில், ஆட்கள் வந்து கிளினிக்கைப் பார்த்து மூடிவிட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து அந்தப் பெண் மாஸ்டர் கடை வாசலில் வந்து நின்றாள். கோட்டு இல்லாமல் ரொம்பச் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

"எனக்கு என்ன சொல்லச் சொன்னாங்களோ அதைத்தான்க்கா சொன்னேன். ஊசி போடவும் அவங்கதான் கத்துக் குடுத்தாங்க. ஒவ்வொரு தடவையும் எனக்குப் பயமாத்தான் இருக்கும்."

எனக்குக் கொதித்தது. நாலு வார்த்தை கேட்கலாமென்று ஓட்டைக்கு வந்துவிட்டேன். அதற்குள் காஜாக்கா பேசிவிட்டாள்.

"பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லணும்டி. உனக்கு ஊசி, எனக்கு உசுரு." ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "சரி, வாசல்ல நிக்காத. உள்ள வந்து உக்காரு. சாப்பிட்டியா?"

அந்தப் பெண் தேம்பித் தேம்பி அழுதுகொண்டே உருளைக்கிழங்கு தின்றாள். எனக்கு வர வேண்டிய தட்டு அது. போகட்டும். இப்போது அவள் பழையபடி செருப்புக்கடையில்தான் இருக்கிறாள். யாராவது செருப்பு கடிக்கிறதென்றால் வேறு அளவு எடுத்துத் தருகிறாள் என்று கேள்வி.

மாஸ்டரும் மாறிவிட்டார். யாராவது இறுக்குகிறது என்று துணியைக் கொண்டுவந்தால், செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவருகிறார். "போட்டுக் காட்டுங்க, பாக்கறேன்" என்கிறார். இதனால் வேலை தேங்கி, பிள்ளைகள் இன்னும் பழைய சட்டையிலேயே பள்ளிக்குப் போகிறார்கள். தெருவே திட்டுகிறது. நானும் திட்டுகிறேன், மத்தியானத் தட்டு தாமதமாகிறதே.

நேற்று சாயங்காலம் கடையில் ஆளில்லை. நான் ஒரு குழந்தைப் படத்துக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் பெட்டியைத் திறந்து துணி உதறும் சத்தம் கேட்டது.

"இது யாருக்கு?" என்றாள் காஜாக்கா.

"உனக்குத்தான். பச்சை உனக்குப் பிடிக்கும்ல. வா, இப்படி வந்து நில்லு."

"என் அளவு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். நில்லு."

டேப்பை அவள் சுற்ற, அவர் எழுதுவதுதான் அந்தக் கடை வழக்கம். நேற்று டேப் அவர் கையில் இருந்தது.

"கையைத் தூக்கு. மூச்சைப் பிடிக்காத, விடு."

"விட்டுட்டேன்."

"பொய். கொஞ்சம் உள்ள வச்சிருக்க. விடு."

"எதுக்குங்க, அசிங்கமா..."

"உன் வயிறு. நீதான் போட்டுக்கப் போற. எங்கிட்ட எதுக்குப் பொய் சொல்ற?"

நான் சுத்தியலைக் கீழே வைத்தேன். பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு நீளமான மூச்சு வெளியே வந்தது. எத்தனையோ வருஷமாக உள்ளே வைத்திருந்தது போலிருந்தது.

மாஸ்டர் எண்ணை உரக்கச் சொன்னார்.

"ஐயோ, கத்தாதீங்க. கண்ணாடிக்காரர் காதுல விழப்போகுது."

"விழுந்துடுச்சு" என்றேன் நான்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்து, முடியாமல், மூச்சு வாங்கி, மறுபடியும் சிரித்தாள். ஓட்டை வழியாகப் பார்த்தேன். மாஸ்டர் டேப்பை எடுக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபடி, டேப்பை விரலால் தளர்த்தி விட்டுக்கொண்டே இருந்தார்.

"சிரி, சிரி. இந்த அளவுக்குத்தான் தைக்கப் போறேன்" என்றார்.